பில்லெரிக்காவிலிருந்து ஒரு பூசணிக் கடிதம்

பில்லெரிக்கா, மாசசூசெட்ஸ்
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து, யார் கையையும் பிடிக்காமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. பிசியோதெரபிக்கு வருகிற பையனைத் திட்டாதே அம்மிணி. வலிக்க வலிக்க மடக்கி நீட்டச் சொல்வதுதான் அவன் வேலை. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதிலிருந்து சமையலறைக்குள் வந்து யோசனை சொல்கிறார். அது ஒன்றுதான் தொந்தரவு.

அப்புறம் உன் மகள் விஷயம். பக்கத்து ஊரான லோவலில் இருந்துகொண்டு என்னைக் கேட்காமல், பொள்ளாச்சியில் இருக்கிற உன்னிடம் கேட்கிறாள் பார், "இங்கே நம் ஊர் மஞ்சள் பூசணி, அதான் அரசாணிக்காய், இல்லை, ஆரஞ்சும் பச்சையுமாக என்னென்னவோ குவித்து வைத்திருக்கிறார்கள், எதை வாங்க?" என்று. சரி, நீ கேட்டதால் விவரமாக எழுதுகிறேன். படம் பிடித்து அவளுக்கு அனுப்பிவிடு.

முதலில், எதை வாங்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். ஹாலோவீனுக்கு முகம் செதுக்குகிற பெரிய ஆரஞ்சுப் பூசணி கறிக்கு ஆகாது. நாரும் தண்ணீரும்தான் இருக்கும், ருசி கிடையாது. விதையை மட்டும் கழுவி உலர்த்தி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்துக் கொறிக்கலாம். இந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய பூசணி என்றாலே ஒரு கிறுக்கு. டாப்ஸ்ஃபீல்டு சந்தையில் வருஷா வருஷம் எடை போட்டுப் பரிசு கொடுக்கிறார்கள். 2012-இல் வந்த ஒன்று 2009 பவுண்டு, அதாவது தொள்ளாயிரம் கிலோவுக்கும் மேல். உலகத்திலேயே 2000 பவுண்டைத் தாண்டிய முதல் பூசணி அதுதான். அதை வைத்து ஊருக்கே கூட்டு வைக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. யாரும் அதைத் தின்பதற்கு வளர்ப்பதில்லை.

அவள் வாங்க வேண்டியது பட்டர்நட். சுரைக்காய் மாதிரி கழுத்தும் குடமுமாக, சந்தன நிறத்தில் இருக்கும். நம் அரசாணிக்காயும் இதுவும் ஒரே இனம். 1940களில் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஸ்டோ என்ற ஊரில் சார்லஸ் லெகெட் என்பவர் உருவாக்கிய காய் இது. பிறகு வால்தம் ஆராய்ச்சிப் பண்ணையில் சீர்படுத்திய ரகம்தான் பெரும்பாலும் விதைக்கடைகளில் விற்கிறது. கழுத்து நீளமானதாகப் பார்த்து எடுக்கச் சொல். கழுத்தில் விதையே இருக்காது, முழுக்கச் சதைதான். தோலை ஒரு தடவை சீவிவிட்டு நிறுத்தக் கூடாது. அடியில் வெளிறிய படலமும் பச்சைக் கோடுகளும் தெரியும். அதெல்லாம் போய் நல்ல ஆரஞ்சு நிறம் வருகிற வரை சீவ வேண்டும், இல்லாவிட்டால் வெந்த பிறகும் நறுக் நறுக்கென்று கடிபடும். அதன் பால் கையில் பட்டால் சிலருக்குத் தோல் இறுகி உரியும். பலாப்பழம் அரிகிற மாதிரி எண்ணெய் தடவிக்கொண்டு அரியட்டும்.

இதில் என்ன சமைப்பது என்றால், என் கட்சி ஒன்றே ஒன்றுதான்: ஏற்கெனவே இனிக்கிற காய்க்கு மேலும் இனிப்புப் போடாதே. இங்கே இலையுதிர்காலம் வந்தால் இந்தக் காய்களின் மேல் நாட்டுச் சர்க்கரை, மேப்பிள் பாகு, பட்டைத்தூள் என்று கொட்டிவிடுகிறார்கள். சாப்பாடா பலகாரமா என்றே தெரியாது. புளியும் காரமும் போட்டால்தான் அந்த இனிப்பு எடுபடும். உங்கள் அம்மா வைக்கிற அரசாணிக்காய்ப் புளிக்குழம்பை நினைத்துப் பார். புளியும் வரமிளகாயும் கடைசியில் சுண்டுவிரல் அளவு வெல்லமும். பட்டர்நட்டில் அந்த வெல்லமும் தேவைப்படாது.

எல்லா நாட்டுக்காரர்களும் அப்படித் தித்திப்பாக்குகிறவர்கள் என்று நினைத்துவிடாதே. என் பக்கத்து வீட்டு அம்மாவின் பூர்விகம் இத்தாலியில் மாந்துவா. அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி பூசணி அடைத்த தோர்த்தெல்லி செய்வார்கள், நம் சோமாசி அளவில் மாவுப் பொட்டலங்கள். உள்ளே மசித்த பூசணியோடு உப்புச் சீஸ், பாதாம் வாசனை பிஸ்கட்டு, மோஸ்தார்தா. மோஸ்தார்தா என்பது பாகில் ஊறிய பழம்தான், ஆனால் கடுகு ஏற்றி வைத்திருப்பார்கள், மூக்கில் ஏறும். அவர்களும் கடுகைத்தானே தேடிப் போயிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்த அம்மா வெண்ணெயைச் சிவக்க உருக்கி, சேஜ் என்ற வாசனை இலையைப் பொரித்து மேலே ஊற்றுவார். கிட்டத்தட்ட நம் தாளிப்பு.

வாரநாளில் நான் செய்வது இன்னும் சுலபம். பட்டர்நட்டை முக்கால் அங்குலத் துண்டாக அரிந்து, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் சீரகம் பிசறி, 425 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் அரை மணி நேரம் ஓவனில் வைப்பேன். தட்டில் நெருக்கி அடைக்கக் கூடாது. நெருக்கினால் நீராவியில் அவிந்து குழையும், ஓரம் சிவக்காது. எடுத்ததும் எலுமிச்சம்பழம் பிழிந்து, வறுத்த வேர்க்கடலையை இடித்துத் தூவினால் ரசம் சாதத்துக்குப் பிரமாதம். சூப் வேண்டுமானாலும் இதையே இஞ்சியும் மிளகும் சேர்த்து அரைத்துக்கொள்ளலாம். பச்சைக்காயைத் தண்ணீரில் வேகவைத்து அரைக்கிற சூப் எனக்குப் பத்தியச் சாப்பாடுதான்.

அடுத்தது கபோச்சா. கரும்பச்சைத் தோல், உருண்டை, கல் மாதிரி கனம். ஜப்பான்காரர்கள் விரும்பிச் சாப்பிடுவது. லோவலில் கம்போடியர்கள் நிறையப் பேர் இருப்பதால் அவர்கள் கடைகளில் நல்லதாகக் கிடைக்கும். கத்தி இறங்காது, கை பத்திரம். அங்கங்கே குத்திவிட்டு மைக்ரோவேவில் மூன்று நான்கு நிமிஷம் வைத்தால் இளகும். தோல் சீவ வேண்டியதே இல்லை. மாவு மாவாக, தண்ணீர் விடாத காய் என்பதால் இதற்கு எரிசேரிதான் பொருத்தம். நம் தெருவில் இருந்த பாலக்காட்டு அம்மா செய்வாரே, அதேதான். வன்பயறைத் தனியாக வேகவைத்துக்கொள். காயை மஞ்சள், உப்போடு கையளவு தண்ணீரில் போட்டால் பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். பாதியைக் கரண்டியால் மசித்து, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்த விழுதும் பயறும் சேர்த்து ஒரு கொதி. அதோடு முடிந்தது என்று இறக்கிவிடக் கூடாது, எரிசேரிக்கு உயிரே கடைசியில்தான். தேங்காயெண்ணெயில் கடுகு, வரமிளகாய், கருவேப்பிலை தாளித்து, அதிலேயே துருவின தேங்காயைப் போட்டுக் காப்பிப்பொடி நிறம் வரும்வரை வறுத்துக் கொட்ட வேண்டும். பொன்னிறத்திலேயே அவசரப்பட்டு எடுத்தால் அது வெறும் கூட்டு.

மற்றவை அவ்வளவு முக்கியமில்லை. டெலிகாட்டா என்று கோடு போட்ட நீளக்காய், தோல் மெல்லிசு. வளையமாக அரிந்து கடலைமாவில் பஜ்ஜி போடலாம், மழை நாளுக்கு நன்றாக இருக்கும். ஸ்பகெட்டி ஸ்குவாஷ் வெந்தால் நூல் நூலாக வரும். குறுக்கே வெட்டினால்தான் நூல் நீளமாக இருக்கும், தேங்காய் போட்டுப் பொரியல் செய்யலாம். ஏகார்ன் ஸ்குவாஷ் எனக்குப் பிடிக்காது. டப்பாப் பூசணி விழுது அவசரத்துக்கு அடைமாவிலும் சப்பாத்தி மாவிலும் கலக்க நல்லதுதான், ஆனால் டப்பாவில் 'பை' (pie) என்று எழுதியிருந்தால் வாங்க வேண்டாம் என்று சொல். அதில் சர்க்கரையும் மசாலாவும் சேர்த்திருப்பார்கள், சாம்பாரில் போட்டால் அவ்வளவுதான்.

வைத்திருக்க வேண்டுமானால் ஃபிரிட்ஜில் முழுக்காயை வைக்க வேண்டாம். காம்பு ஒடியாத காயாகப் பார்த்து, குளிர்ச்சியான உலர்ந்த மூலையில் வைத்தால் பட்டர்நட் ரெண்டு மூணு மாசம் தாங்கும். வைக்க வைக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இன்னும் இனிக்கும். அதனால் கபோச்சா எரிசேரியை இப்போதே செய்துவிடட்டும், பட்டர்நட் புளிக்குழம்பு டிசம்பரில் வைத்தாலும் சரிதான். அப்போது புளி மட்டும் ஒரு சிட்டிகை கூட.

நவம்பர் நாலாவது வியாழன் தேங்க்ஸ்கிவிங். விடுதி காலியாகிவிடும், தனியாக இருந்து நூடுல்ஸ் தின்னாமல் முந்தின நாளே இங்கே வரச் சொல். லோவலில் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே நார்த் பில்லெரிக்கா, இவர் காரில் வந்து கூட்டிக்கொள்வார். கருவேப்பிலை எதுவும் வாங்கிவர வேண்டாம், குளிருக்குப் பயந்து என் செடியை வீட்டுக்குள் எடுத்து வைத்தாயிற்று. உங்கள் அம்மா புளிக்குழம்புக்கு வறுத்துப் பொடிக்கிற சாமான் அளவு மட்டும் எழுதி அனுப்பு. வெந்தயம் எவ்வளவு என்பதில் எனக்கும் இவருக்கும் ஒரு வாரமாக வாக்குவாதம்.

அன்புடன்,
உன் வசந்தா