நிதி அறிக்கையின் ஒரு வரியைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்பும் மதிப்பும் உடையீர்,

உங்களில் பலருடைய முகம் எனக்குத் தெரியாது. சிலருடைய கையெழுத்தை மட்டும் மனுவின் கடைசிப் பக்கங்களில் பார்த்திருக்கிறேன். பார்வையற்ற, குறைபார்வையுள்ள குழந்தைகளுக்கு வீடு தேடிச் சென்று கற்பிக்கும் திட்டத்துக்கு அரசு நிதி தொடரும் என்ற உத்தரவு சென்ற வாரம் வந்துவிட்டது. நான்கு வரியில் நன்றி சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நன்றி எதற்கு என்று சொல்லப் புகுந்தால் நான்கு வரி போதவில்லை.

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்த நாளங்கள் வளர்ந்து முடிந்திருப்பதில்லை. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து, சில குழந்தைகளுக்கு விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடுகின்றன. அவளுக்கு அப்படித்தான் ஆனது. ஆனால் அந்த நாட்களில் என்னை வாட்டியது வேறொன்று. மற்றக் குழந்தைகள் அம்மாவின் குரல் கேட்டதும் கைகாலை உதைத்துக்கொண்டு சிரிக்கும். நான் தொட்டிலருகே போய்ப் பேசினால் இவள் அசைவற்றுப் போய்விடுவாள். என்னை இவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

சிறப்பாசிரியை முதல் முறை வந்தபோது கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "நீங்கள் முகத்தையே பார்க்கிறீர்கள், கைகளைப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். நான் பேசப் பேச அந்தச் சின்ன விரல்கள் மெல்ல விரிந்து மூடிக்கொண்டிருந்தன. "அசைந்தால் உங்கள் குரல் தவறிவிடுமே என்று கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்" என்றார். அன்று நான் அழுததை ஆசிரியை பார்க்காததுபோல் இருந்துவிட்டார். அதற்கும் சேர்த்து அவருக்கு என் நன்றி.

வாரம் ஒருமுறை அவர் வந்தார். கண்ணில் படும் பொருளை எட்டிப் பிடிக்கத்தானே குழந்தை தவழ்கிறது? ஓசை வரும் இடத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்பது பார்வையற்ற குழந்தைக்குப் புரியவே முதல் ஆண்டின் கடைசி ஆகிவிடுகிறது. அதுவரை அதன் உலகம் கை எட்டும் தூரம்தான். ஆசிரியை அந்த உலகத்தை ஒவ்வொரு சாணாகத் தள்ளிவைத்தார். அவருடைய சம்பளமும் பஸ் செலவும் நிதி அறிக்கையில் ஒரே ஒரு வரி.

அந்த வரியைத்தான் சென்ற ஆண்டு நீக்கப் பார்த்தார்கள். சொன்ன காரணம், பயனடையும் குழந்தைகள் குறைவு, தலைக்கு ஆகும் செலவு அதிகம். கணக்கு பொய்யில்லை. பார்வையற்ற குழந்தைகள் எங்கும் எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கிறார்கள், அதுவும் ஒரு பள்ளிக்கு ஒருவர், ஓர் ஊருக்கு இருவர் என்று சிதறி. தலையை எண்ணிப் பங்கிட்டால் நாங்கள் எப்போதும் தோற்போம். குறைவாக இருப்பதால்தான் பொதுப்பணம் தேவைப்படுகிறது என்பதை, இதைப் பற்றி நடந்த கூட்டத்தில் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அதை வேறொருவர் சொன்னார். பின்வரிசையிலிருந்து வெண்கோலை ஊன்றி எழுந்து வந்தவர். சிறுவயதில் அவருக்குக் கொஞ்சம் பார்வை இருந்ததாம். கொஞ்சம் தெரிகிறதே, விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புள்ளி எழுத்து எதற்கு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். பத்தொன்பது வயதில் மிச்சப் பார்வையும் போனது. "ஒரே மாதத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவன் ஆகிவிட்டேன்" என்றார். கைபேசிதான் இப்போது எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுகிறதே என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். "காதால் கேட்டால் கதை தெரியும் ஐயா. அரையா, அறையா என்று தெரியாது. அதை விரல்தான் சொல்லும்" என்றார் அவர். அதன்பின் யாரும் தலைக்கணக்கு பேசவில்லை. பெரியவரே, உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேள்வி கேட்ட உறுப்பினருக்கும் நன்றி. அவர் கேட்டிராவிட்டால் அந்தப் பதில் வந்திருக்காது.

நிதிப் பிரிவில் இருந்த ஓர் எழுத்தர் செய்ததையும் சொல்ல வேண்டும். கருவி வாங்க ஒரு தலைப்பிலும், கற்பிக்க வேறொரு தலைப்பிலும் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. வெட்டு விழுந்தது இரண்டாவதில். இயந்திரம் வரும், அதைக் கற்றுத்தர ஆள் வரமாட்டார். இதைக் கண்டுபிடித்து ஒரு பக்கக் குறிப்பு எழுதி மேலே அனுப்பியவர் அவர்தான். அவர் மேடை ஏறவில்லை, புகைப்படத்திலும் இல்லை.

இனிச் சொல்வதைக் கேட்டு நன்கொடையாளர்கள் வருத்தப்பட வேண்டாம். எங்கள் வீட்டுப் பிரெயில் தட்டச்சு இயந்திரம் நன்கொடையாக வந்ததுதான். பிரெயிலில் எழுத்துகள் ஆறு புள்ளிகளுக்குள்தான் அமைகின்றன. இயந்திரத்தில் புள்ளிக்கு ஒன்றாக ஆறு விசைகள். ஒருநாள் மூன்றாம் புள்ளி எழும்பாமல் போனது. க எழுத ஒன்றாம் புள்ளியும் மூன்றாம் புள்ளியும் வேண்டும். மூன்று இல்லாவிட்டால் அது அ. என் மகள் எழுதிய க எல்லாம் அ ஆகி நின்றன. இயந்திரத்தைக் கொடுத்தபோது விழா நடந்தது. பழுது பார்க்க யார் விழா எடுப்பார்கள்? நான்கு மாதம் சும்மா கிடந்தது. பிறகு இந்தத் திட்டத்தின் பராமரிப்புத் தொகையில்தான் சரியாயிற்று.

கூட்டத்தில் சொல்ல மறந்த ஒன்று இருக்கிறது. அந்த ஆறு புள்ளிகளே அரசுச் செலவில் பிறந்தவைதான். பாரிஸில் வாலன்டின் ஆய் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியை 1791-ல் அரசு ஏற்றுக்கொண்டது. 1819-ல் லூயி பிரெயில் என்ற பத்து வயதுச் சிறுவன் அங்கே சேர்ந்தான். சேணம் செய்பவரின் மகன். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் கூரிய கருவி கண்ணில் பட்டுப் பார்வை இழந்தவன். சார்ல் பார்பியே உருவாக்கிய பன்னிரண்டு புள்ளி முறையை ஆறாகச் சுருக்கி, பதினைந்து வயதிலேயே தன் எழுத்தை ஏறக்குறைய முடித்துவிட்டான். 1829-ல் அது புத்தகமாக வந்தது. அந்தப் பள்ளியே அதை முறையாக ஏற்றது பிரெயில் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854-ல். சேணக்காரர் மகனின் படிப்புக்கு அன்று யாராவது தலைக்கணக்கு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பாடப் புத்தகங்களைப் பிரெயிலுக்கு மாற்றி, ஒவ்வொரு வரியாக மெய்ப்பு பார்க்கும் தன்னார்வலர்களுக்கும் நன்றி. அச்சில் ஒரே புத்தகமாக இருப்பது எங்களிடம் பல தடித்த பாகங்களாக வருகிறது. வரைபடங்களை மேடுபள்ளமாகச் செய்து தருபவருக்குத் தனி நன்றி. முக்கோணம் என்றால் என்னவென்று அவள் தொட்டுத்தான் தெரிந்துகொண்டாள். வரி கட்டுகிறவர்களுக்கும் நன்றி. நாங்கள் இருப்பதே தெரியாமல் எங்களுக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். அது எனக்கு ஒருவகையில் நிம்மதி, ஒவ்வொருவர் முன்னும் மகளை நிறுத்தி வணக்கம் சொல்ல வைக்க வேண்டியதில்லை அல்லவா?

உத்தரவு ஓராண்டுக்குத்தான். அடுத்த முறையும் மனு எழுத வேண்டியிருக்கும். கையெழுத்துப் போட்டவர்கள் பேனாவை மூடிவைத்துவிடாதீர்கள்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. பிரெயில் சிலேட் என்ற சட்டத்தில் தாளைப் பொருத்தி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தி எழுதுகிறாள். புள்ளிகள் மறுபக்கம் எழும்பும், தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். எனக்கு இன்னும் திசை குழம்புகிறது, அவளுக்குக் குழம்புவதில்லை. இந்த மடலோடு அவள் எழுதிய ஒரு தாளை ஆசிரியையிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. கூட்டத்தில் பேசிய அந்தப் பெரியவர் கிடைத்தால் அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை அதன்மேல் கனமான எதையும் வைக்க வேண்டாம், புள்ளிகள் அமுங்கிவிடும்.

நன்றியுடன்,
ஓர் அம்மா