ஸ்டூல் போட்டால் போதாது, உட்கார விடவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளிக் கூட்டம் மதுரையில் விளக்குத்தூண், தெற்குமாசி வீதிப் பக்கம் திரும்புவதற்கு முன்பே ஜவுளிக்கடை ஊழியர்களின் நிலையை எழுதியாக வேண்டும். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை கட்டாயம் என்றது தமிழக அரசு. ஸ்டூல் வந்த கடைகளிலும் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் அதட்டுகிறார்.

கோளாறில் பாதி ஸ்டூலிலேயே இருக்கிறது. கவுண்டர் மூன்றடி உயரம். ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தால் கவுண்டர் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும். துணியைப் பிரித்துக் காட்டுவது சிரமம். இரண்டடிக்குச் சற்றுக் கூடுதலான உயரமும், கால் ஊன்றக் கீழே ஒரு கம்பியும் இருந்தால் உட்கார்ந்தபடியே காட்டலாம், எழுவதும் சுலபம். எட்டுப் பேருக்கு ஒன்று என்று போட்டால் அது மேல்தட்டுத் துணி எடுக்க ஏறும் பலகையாகிவிடும்.

மீதிப் பாதி நிர்வாகம். நிற்பதுதான் வேலை என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ! பழைய பட்டுக்கடைகளில் வெள்ளை விரிப்பில் உட்கார்ந்துதான் சேலையைப் பிரித்துக் காட்டினார்கள். வாங்க வந்தவர் யாரும் அதை மரியாதைக் குறைவாக நினைக்கவில்லை.

காலை 9.30-க்கு வந்து இரவு 9.30-க்குப் போகிறவருக்குச் சாப்பாட்டுக்கு 20 நிமிடம் என்றால் வேலை 11 மணி 40 நிமிடம். சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தாலும் 10-ஐத் தாண்டக்கூடாது, அதற்கு இரட்டிப்புச் சம்பளம். நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு. பாத்ரூம் போக அனுமதி கேட்கவேண்டிய கடைகளில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு இப்படித்தான் வருகிறது. நாள் முழுக்க நிற்பதால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது.

ஊழியர்கள் வந்த நேரம், போன நேரத்தைத் தினமும் சொந்த நோட்டில் குறித்துவையுங்கள். திட்டி வரும் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தனியாளாகப் போனால் மறுநாளே வேலை போகும் என்ற பயம் நியாயமானது.

ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் கூட்டமில்லாத வார நாளில், மதியம் மூன்று மணிக்கு வரட்டும். அந்த நேரத்திலும் எல்லோரும் நின்றுகொண்டிருந்தால், மேலாளரை விலக்கிவைத்துவிட்டு ஏன் என்று ஊழியர்களிடமே கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஜவுளித் தொழிலில் உள்ள வாசகர்,
செல்லூர், மதுரை.