கடவுளுக்குத் தாய் உண்டா என்று அச்சடிப்பவர்களுக்கு

வேளாங்கண்ணி நடைபயணப் பாதையில் துண்டுப் பிரசுரம் கொடுக்கும் சகோதரர்களுக்கு,

வணக்கம். உங்கள் வழக்கப்படி ஸ்தோத்திரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் கொடியேற்றத்துக்கு முந்தின நாள், நாகப்பட்டினம் தாண்டி ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உங்களில் இரண்டு பேர் எதிர்ப்புறம் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் ஒரு தாள் கொடுத்தீர்கள். கொட்டை எழுத்தில் ‘கடவுளுக்குத் தாய் உண்டா?’ கால் கொப்புளத்தோடு வந்த ஒரு அம்மா அதை வாங்கி விசிறிக்கொண்டார். நான் படித்தேன். அதனால்தான் இந்த மடல்.

கடவுளுக்கு ஆதியும் இல்லை, அந்தமும் இல்லை. தாய் என்றால் பிள்ளைக்கு முந்தியவள். ஆகவே மரியாளை இறைவனின் தாய் என்பது தேவதூஷணம். இதுதானே உங்கள் வாதம்?

முதல் வரியில் உங்களோடு சண்டை போட இந்தக் கடற்கரையில் ஆளே கிடையாது. பூம்புகாரில் சிவன் கோயிலைச் சொல்ல வந்த சிலப்பதிகாரம், ‘பிறவா யாக்கைப் பெரியோன் கோயில்’ என்கிறது. நாகூரில் தொழுகிறவர்கள் ஓதும் இக்லாஸ் அத்தியாயம் நாலே வசனம்தான். அதில் ஒன்று, அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை என்கிறது. அதே குர்ஆனில் மர்யம் பெயரிலேயே ஒரு அத்தியாயமும் இருக்கிறது. நாகூரிலிருந்து கொஞ்சம் வடக்கே போனால் காரைக்கால். அங்கே கதையே வேறு. தாயில்லாத சிவன், தலையால் நடந்து கயிலை ஏறி வந்த காரைக்கால் அம்மையாரின் பேயுருவத்தைப் பார்த்து, ‘நம்மைப் பேணும் அம்மை காண்’ என்று உமையிடம் சொல்கிறார். பெறாத ஒருத்தியை அவராகவே அம்மா என்று அழைத்துக்கொள்கிறார். பிறவாதவருக்கும் அந்தச் சொல் தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்.

சரி, எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பாயி ராத்திரி ஜெபமாலையில் ‘சர்வேசுரனுடைய மாதாவே’ என்று ஐம்பது தடவை சொல்வார். மரியாளுக்குப் பிறகுதான் சர்வேசுரன் உண்டானார் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்தப் பட்டம் அம்மாவைப் பற்றியதே அல்ல, மடியில் இருக்கிற பிள்ளையைப் பற்றியது. அந்தப் பிள்ளை யார்? கடவுள் என்று நீங்களும் சொல்கிறீர்கள். அப்படியானால் அவரைப் பெற்றவளை என்னவென்று சொல்வது?

இந்தக் கேள்வியில்தான் நெஸ்தோரியுஸ் மாட்டிக்கொண்டார். கான்ஸ்டாண்டிநோபிள் ஆயர், படித்தவர். ‘கிறிஸ்துவின் தாய்’ என்று சொன்னால் போதும் என்றார். 431இல் எபேசு நகரில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் அவருக்கு எதிராக வந்த சாட்சியம் ஒன்று உண்டு: இரண்டு மூன்று மாதக் குழந்தையைக் கடவுள் என்று சொல்ல என்னால் முடியாது என்று அவர் பேசினாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பால் குடிக்கிற கடவுளை யாரால் சுலபமாக ஒப்புக்கொள்ள முடியும்? ஆனால் வேளாங்கண்ணிக் கதை தொடங்குவதே அங்கேதான். பால் கொண்டுபோன பையனிடம், தன் குழந்தைக்குக் கொஞ்சம் பால் கேட்டாள் ஒரு தாய். அந்தக் குழந்தைக்குப் பசி. எங்கள் விசுவாசம் மொத்தமும் அந்தப் பசியில் இருக்கிறது.

எபேசில் நடந்ததெல்லாம் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். அந்தியோக்கியா ஆயர்கள் வந்து சேருவதற்குள் நெஸ்தோரியுஸை எதிர்த்த அலெக்சாந்திரியா ஆயர் சிரில் கூட்டத்தை ஆரம்பித்து, தீர்ப்பையும் எழுதிவிட்டார். பின்னால் வந்தவர்கள் தனியாகக் கூடி அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். நம்ம ஊர் சங்கத் தேர்தல் தோற்றுப்போகும். நெஸ்தோரியுஸைக் கண்டித்ததை ஏற்காத கிழக்குத் திருச்சபை இன்றும் இருக்கிறது, திருச்சூரில்கூட. 1994இல் அவர்கள் தலைவர் மார் திங்காவும் போப் இரண்டாம் ஜான் பாலும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, ‘இறைவனின் தாய்’, ‘கிறிஸ்துவின் தாய்’ இரண்டுமே ஒரே விசுவாசத்தைத்தான் சொல்கின்றன என்று ஒப்புக்கொண்டார்கள். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று அதற்கு.

எபேசில் அந்தக் காலத்தில் கும்பிட்ட தியானாள் என்கிற தேவிதான் பெயர் மாறி மரியாளானாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சங்கத்துக்கு அறுபது எழுபது வருஷம் முன்பே, கிறிஸ்தவத்தை உதறிவிட்டுப் பழைய தெய்வங்களிடம் திரும்பிய ஜூலியன் என்ற ரோமப் பேரரசர், மரியாளைக் கடவுளின் தாய் என்று ஓயாமல் சொல்கிறீர்களே என்று கிறிஸ்தவர்களைக் கேலி செய்திருக்கிறார். உங்கள் தாளின் தலைப்பு கிட்டத்தட்ட அவர் கேட்டதுதான். அப்புறம் சீர்திருத்த சபைகளுக்கு வழி திறந்த லூத்தர். 1521இல் மரியாளின் பாடலுக்கு விளக்கம் எழுதும்போது, அவளுடைய மகிமை எல்லாம் இறைவனின் தாய் என்கிற ஒரே சொல்லில் அடங்கிவிட்டது என்றார். அவரையும் தேவதூஷணக் கணக்கில் சேர்ப்பீர்களா?

உங்கள் தாளில் எனக்குச் சுருக்கென்று தைத்த வரி ஒன்று உண்டு: ‘தாயின் கழுத்தைப் பார்க்கிறீர்கள், மகனின் முகத்தைப் பார்ப்பதில்லை.’ உண்மை. சேலை சாத்துகிறோம், மாலை போடுகிறோம், கையில் இருக்கும் குழந்தையை மாலை மறைத்துவிடுகிறது. அதை நீங்கள் கேளுங்கள், எங்கள் பங்குக் கூட்டத்தில் நானும் கேட்கிறேன்.

இந்த வருஷத் தாளை ஆகஸ்டுக்குள் அச்சுக்குக் கொடுப்பீர்கள் என்பதால் இப்போதே எழுதுகிறேன். மூன்றாம் பக்கத்தில் எபேசு சங்கம் நடந்த வருஷம் 341 என்று இருக்கிறது. 431 என்று திருத்திவிடுங்கள். எங்கள் பந்தல் அதே வேப்பமரத்தடியில்தான். போன தடவை வெயிலில் நின்றீர்கள், மோர் கொடுத்தபோதும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டீர்கள்.