சின்ன மாமாவை உட்காரச் சொல்லு: சபா செயலாளர்களுக்கும் நாடகப் போட்டி நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

இருபது வருடங்களாகச் சென்னையில் ஓர் அமெச்சூர் குழுவுக்குக் குடும்ப நாடகங்கள் எழுதி வருகிறேன். போன வருடம் என் நாடகம் ஒன்று தேர்வுக் குழுவிடமிருந்து திரும்பி வந்தது. காரணம் இதுதான்: "அண்ணனும் தம்பியும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்று முதல் காட்சியிலேயே யாராவது சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆடியன்ஸுக்குப் புரியாது."

அந்தக் காட்சியை இங்கே சொல்லிவிடுகிறேன். தங்கை குழந்தைக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். தாய்மாமன்கள் இரண்டு பேர். நிலத் தகராறில் பேச்சு நின்று பல வருடம் ஆகிறது. கூடத்தில் பாய் விரித்தாயிற்று. ஆசாரி பெட்டியைத் திறந்து கம்மலை எடுத்துத் தட்டில் வைக்கிறார். அண்ணன் தூணோரம் நிற்கிறான், தம்பி வாசற்படியில். நடுவில் நாலு எட்டு தூரம்கூட இல்லை. தங்கையின் மூத்த பெண்ணுக்கு ஆறு வயது. அண்ணன் அவளைக் கூப்பிட்டு, "சின்ன மாமாவைப் பாயில உட்காரச் சொல்லு" என்கிறான். அவள் வாய் திறப்பதற்குள் தம்பி அவளிடமே, "பெரிய மாமா இருக்கும்போது நான் எப்படி உட்காருவேன்னு கேளு" என்கிறான். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அந்தப் பெண் நடுவில் நிற்கிறாள். பத்து நொடி யாரும் பேசுவதில்லை.

இதற்கு மேல் நான் எதைச் சொல்லட்டும்? கிணற்றுப் பங்கையும் வரப்புச் சண்டையையும் அண்ணன் வாயால் சொல்ல வைத்தால், அவன் தன் உரிமையை விட்டுக்கொடுத்தது காணாமல் போய்விடும். தம்பி அதை வாங்க மறுத்ததும் போய்விடும். பேசாதவர்கள் குழந்தையை நடுவில் நிறுத்திப் பேசுவதை அறியாத வீடு நம் ஊரில் எத்தனை இருக்கும்? சபாவுக்கு வருகிறவர்களும் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள்.

குடும்பத்தை எழுதுவதில் பெரிய கஷ்டம் இதுதான். வீட்டுக்குள் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், அதனால் யாரும் எதையும் விளக்குவதில்லை. மேடையிலோ தெரியாத முந்நூறு பேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். "நீ என் கூடப்பிறந்த தங்கைதானே, உனக்குக் கல்யாணமாகி அஞ்சு வருஷம் ஆச்சே" என்று எந்த வீட்டில் பேசுகிறார்கள்? தமிழ் நமக்கு வேறு வழி வைத்திருக்கிறது. யார் யாரை 'வா' என்கிறார்கள், யார் 'வாங்க' என்கிறார்கள் என்பதிலேயே பாதி உறவு தெரிந்துவிடும். இத்தனை நாள் 'மதினி' என்று கூப்பிட்டவள் ஒருநாள் 'அவங்க' என்று சொன்னால் போதும், வீடு உடைந்துவிட்டது என்று கடைசி வரிசைக்கும் புரியும்.

எழுதுகிறவர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது. தொங்கும் மைக்குக்குக் கீழே வந்து, சபையைப் பார்த்துப் பேசியே பழகிய மேடை நம்முடையது. முதுகைக் காட்டி நிற்கிற அம்மாவின் குரல் அந்த மைக்கில் விழாது. அதனால் எல்லா அம்மாக்களும் முன்னால் வந்து அழுகிறார்கள். அப்புறம் பெண் நடிகர்கள் கிடைப்பது சிரமம் என்று அக்காவையும் சித்தியையும் ஸ்கிரிப்டிலிருந்தே எடுத்துவிடுகிறோம். சித்தி இல்லாத வீட்டில் பாதிக் கதை இல்லை.

விசு மேடைக்கு எழுதிய 'உறவுக்குக் கை கொடுப்போம்' கதைதான் 1986இல் 'சம்சாரம் அது மின்சாரம்' படமாக வந்தது. வசனத்துக்குப் பேர்போன படம் அது. ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, அப்பாவும் மூத்த மகனும் பிரிந்தபோது வீட்டுக்கு நடுவே போட்ட அந்தக் கோடுதான்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. மதிப்பெண் தாளில் 'கருத்து' என்று ஒரு கட்டம் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அந்தக் கட்டத்துக்காகத்தான் கடைசிக் காட்சியில் தாத்தா எழுந்து நின்று உபதேசம் செய்கிறார். ஸ்கிரிப்டைத் தாளில் மட்டும் படித்து ஒதுக்காதீர்கள். இரண்டு நடிகர்களை வைத்து ஒரு காட்சியையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மௌனம் தாளில் வெற்றிடமாகத்தான் தெரியும், ஆள் நின்றால்தான் அதன் கனம் தெரியும். முடிந்தால் மேடைத் தரையில் இரண்டு மைக் கூடுதலாக வையுங்கள்.

அதே நாடகத்தை இந்த வருடமும் அனுப்புகிறேன். ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. அந்தப் பத்து நொடியும் அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
ஒரு நாடக ஆசிரியர்