அப்டேட்டை நிறுத்தி வைத்தவன் எழுதுவது

விண்டோஸ், ஆண்ட்ராய்டு போன்ற இயங்குதளம் செய்யும் நிறுவனங்களுக்கும், அதைப் போட்டு போன் விற்பவர்களுக்கும்,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கணினி பழுது பார்க்கிறேன். மாதம் ஒன்றிரண்டு முறை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டு எஸ்டேட்களுக்கும் போவேன். இந்தப் பக்கத்துக் கணினிகள் பலவற்றில் அப்டேட்டை நிறுத்தி வைத்த ஆள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேலே ஒரு எஸ்டேட்டில் சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா. கணக்குப்பிள்ளை கணினியைப் போட்டால் அப்டேட் ஓடி, 'அணைக்க வேண்டாம்' என்று 30 சதவீதத்தில் நிற்கிறது. வெளியே மழை, கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கியது. அப்புறம் கணினி எழவே இல்லை. பழைய நோட்டைப் பார்த்துக் குத்துமதிப்பாகக் கூலி கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை நான் போய்ச் சரிசெய்ததும் அவர் கேட்டது: "தம்பி, இது இனிமே வராம பண்ண முடியுமா?" பண்ணிவிட்டுத்தான் வந்தேன்.

தப்புதான். கணினியில் உள்ளதையெல்லாம் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற வைரஸ் 2017இல் மே 12 அன்று பரவியது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கு மார்ச் 14 அன்றே திருத்தம் வந்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். இதை எடுத்துச் சொன்னால் கணக்குப்பிள்ளைக்கும் புரிகிறது. ஆனால் வைரஸை அவர் இன்னும் பார்த்ததில்லை, அப்டேட்டைப் பார்த்துவிட்டார்.

ஓட்டை அடைக்க வந்த கொத்தனார் அடுப்படியையும் இடம் மாற்றிவிட்டுப் போனால் அடுத்த முறை யார் கதவைத் திறப்பார்கள்? பாதுகாப்புத் திருத்தத்தைத் தனியாக, சின்னதாக அனுப்புங்கள். புது அலங்காரம் எல்லாம் கேட்பவர்களுக்கு மட்டும் போகட்டும்.

பாதியில் கரண்ட் போனாலும் பழையபடி எழுந்திருக்க வேண்டும். இது ஆகாத காரியம் இல்லை. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7இலேயே இதற்கு வழி செய்திருக்கிறார்கள். போன் ஒரு பகுதியில் ஓடிக்கொண்டிருக்க, புதியது இன்னொரு பகுதியில் எழுதப்படும். அது கிளம்பாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். மேசைக் கணினிக்கும் அதைக் கொடுங்கள்.

அப்புறம் டேட்டா. மலையில் பல இடங்களில் போன் ஹாட்ஸ்பாட்தான் இணையம். நூற்றுக்கணக்கான எம்பி ஒரே மூச்சில் இறங்கினால் அன்றைய பொழுது போச்சு. நான் கீழேயே இறக்கி, பென் டிரைவில் கொண்டு போகிறேன். விண்டோஸில் அதற்கு வழி இருக்கிறது, ஆனால் எந்தக் கணினிக்கு எந்தக் கேபி எண் (ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் எண்) என்று தேடுவதற்குள் பாதி மலை ஏறிவிடலாம்.

போன்காரர்களுக்கு ஒரே வார்த்தை. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பாவில் ஒரு புது மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டு அப்டேட் கிடைக்க வேண்டும் என்று சட்டம். சேலத்தில் விற்கும் பெட்டியில் கடைசித் தேதியையாவது அச்சிடுங்கள்.

அந்த எஸ்டேட் கணினியில் போன வாரம் அப்டேட்டை மறுபடி ஓட விட்டிருக்கிறேன். கணக்குப்பிள்ளை ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: சனிக்கிழமை தொடக் கூடாது. அமைப்புகளில் தேடிப் பார்த்தேன். வேலை நேரம் எது என்று கேட்கிறீர்கள், வேலை நாள் எது என்று கேட்கும் கட்டம் என் கண்ணில் படவில்லை. அதை எங்கே வைப்பீர்கள் என்று சொன்னால் அவருக்குப் பதில் சொல்லிவிடுவேன்.