பூடிக்காவின் கதையில் விடுபட்ட கடன் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பண்டைய பிரிட்டனின் ராணி பூடிக்காவைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ரோமானியர்கள் ராணியைச் சாட்டையால் அடித்ததும், அவருடைய இரண்டு மகள்களைச் சீரழித்ததும், அவர் படை திரட்டி மூன்று ஊர்களை எரித்ததும் மனதில் தைக்கும்படி எழுதப்பட்டிருந்தன. ஆனால் கடனைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கூட்டுறவு வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு இந்தக் கதையில் முதலில் கண்ணில் படுவதே அதுதான். அதை விட்டுவிட்டால், ஓர் அரச குடும்பத்துக்கு நேர்ந்த கொடுமைக்காக அக்கம்பக்கத்து இனக்குழுக்களும் ஏன் சேர்ந்து எழுந்தன என்பது விளங்காமலே போய்விடும்.

பூடிக்காவின் கணவர் பிரசுத்தாகஸ், இன்றைய நார்ஃபோக் பகுதியில் ஐசீனி மக்களின் அரசர், ரோமுக்கு அடங்கி ஆண்டவர். தன் உயிலில் பேரரசர் நீரோவையும் இரண்டு மகள்களையும் சேர்த்தே வாரிசாக எழுதி வைத்தார். பேரரசருக்கு ஒரு பங்கைக் கொடுத்துவிட்டால் மீதி பிள்ளைகளுக்குத் தங்கும் என்று நம்பினார். கி.பி. 60 வாக்கில் அவர் கண்ணை மூடியதும் நடந்ததே வேறு. நாட்டையும் வீட்டையும் போரில் பிடித்த சொத்தைப் போல ஜப்தி செய்தார்கள். ஐசீனிப் பிரமுகர்களின் பரம்பரை நிலங்களும் போயின. சாட்டையடி விழுந்தது இந்தச் சமயத்தில்தான்.

இதற்குப் பின்னால் இருந்த பணக் கதையைக் காசியஸ் டியோ என்ற வரலாற்றாசிரியர் சொல்கிறார். முந்தைய பேரரசர் கிளாடியஸ் பிரிட்டன் தலைவர்களுக்குக் கொடுத்திருந்த பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று நிதி அதிகாரி காட்டஸ் டெசியானஸ் பிடிவாதம் பிடித்தார். போதாததற்கு, நீரோவின் ஆலோசகரும் தத்துவ ஞானியுமான செனகா, அந்த மக்கள் கேட்காமலே அவர்கள் தலையில் கட்டியிருந்த 4 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) கடனை ஒரே மூச்சில் திரும்பக் கேட்டார். அப்போது ஒரு ரோமானியப் படைவீரரின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். அப்படியானால் 44,000 வீரர்களின் ஓராண்டுச் சம்பளம். பிரிட்டனில் அன்று இருந்தவை லீஜியன் என்ற பெரும் படைப்பிரிவுகள் நான்கே, ஏறக்குறைய 20,000 பேர். இவ்வளவு பெரிய தொகையைத் தவணை இல்லாமல், அவகாசம் இல்லாமல், அடித்துப் பிடுங்கி வசூலிக்கப் பார்த்தால் ஊர் என்ன ஆகும்? வசூல் என்பது எத்தனை நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை என்பது அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

டியோ நூறாண்டுக்கு மேல் கழித்து எழுதியவர், செனகாவை அவருக்கு ஆகாது. தொகையைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்வோம். ஆனால் இன்னொரு ரோமானிய வரலாற்றாசிரியரான டாசிட்டஸ் அப்படி ஒதுக்கிவிடக்கூடியவர் அல்ல. அவருடைய மாமனார் அக்ரிகோலா அந்தச் சமயத்தில் பிரிட்டன் படையிலேயே இருந்தவர். டாசிட்டஸ் செனகாவின் கடனைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மாகாணத்தைப் போருக்குத் தள்ளியதே காட்டஸின் பேராசைதான் என்று பட்டவர்த்தனமாக எழுதுகிறார். இன்றைய கோல்செஸ்டரான கமுலோடூனத்தில் ஓய்வுபெற்ற ரோமானிய வீரர்கள் உள்ளூர்க்காரர்களை வீடு, நிலத்தை விட்டு விரட்டியதையும் சொல்கிறார். அங்கே கிளாடியஸுக்கு ஒரு கோயில். அதற்குப் பூசாரியாக நியமிக்கப்பட்டவர்கள் சமயக் கடமை என்ற பெயரில் சொத்தையெல்லாம் கொட்டி அழ வேண்டியிருந்தது. அந்தப் பகுதியின் திரினோவாந்தேஸ் மக்கள் பூடிக்காவோடு கைகோத்தது இதனால்தான். அந்தக் கோயிலுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் இரண்டே நாள் தாக்குப் பிடித்தார்கள். அவர்களுக்கு உதவியாகக் காட்டஸ் அனுப்பியது சரியான ஆயுதம்கூட இல்லாத 200 பேரை. அப்புறம் அவர் கப்பலேறி, இன்றைய பிரான்ஸ் பக்கமிருந்த கால் (Gaul) நாட்டுக்குத் தப்பிவிட்டார். லண்டினியமும் (இன்றைய லண்டன்) வெருலாமியமும் (இன்றைய செயின்ட் ஆல்பன்ஸ்) எரிந்தன. மூன்று ஊர்களிலும் சேர்த்து 70,000 பேர் மாண்டதாக டாசிட்டஸ் கணக்கு. கடனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களும் அதில் செத்தார்கள். பூடிக்காவை எவ்வளவு மதித்தாலும் இதை மறைக்கக் கூடாது.

அந்தக் காலத்து லண்டன் எப்படிப்பட்ட ஊர் என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. 2010களின் தொடக்கத்தில் லண்டன் நகரில் ஒரு பெரிய கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது, வால்புரூக் ஓடையின் ஈரச் சேற்றிலிருந்து 400க்கும் மேற்பட்ட மர எழுத்துப் பலகைகள் கிடைத்தன. மேலே பூசிய மெழுகு போய்விட்டது. எழுத்தாணி மரத்தில் பதித்த கீறல் மட்டும் மிஞ்சியது. அதில் ஒன்றின் தேதி கி.பி. 57 ஜனவரி 8. வாங்கிய சரக்குக்காக கிராட்டஸ் என்பவருக்கு 105 தினாரியஸ் (ரோமானிய வெள்ளி நாணயம்) தர வேண்டியிருக்கிறது என்று திபுல்லஸ் எழுதிக் கொடுத்த பத்திரம். இருவருமே அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவர்கள். நம் ஊர் புரோநோட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ராணியின் படை வருவதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் முன்பே அந்த ஊர் கடன் பத்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு பலகை கி.பி. 62 அக்டோபர் 21-ல் எழுதியது. வெருலாமியத்திலிருந்து லண்டனுக்கு 20 சுமை உணவுப் பொருள் கொண்டுவர ஒப்பந்தம். எரிந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே அதற்குள் சரக்கு நடமாட்டம் தொடங்கிவிட்டது!

கட்டுரை பூடிக்காவின் முடிவோடு நின்றுவிட்டதும் எனக்குக் குறையாகவே பட்டது. போரில் தோற்ற ராணி விஷம் குடித்தார் என்கிறார் டாசிட்டஸ், நோயில் இறந்தார் என்கிறார் டியோ. அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்த ஆண்டு பிரிட்டன் மக்கள் விதைக்கவே இல்லை, ரோமானியர்களின் களஞ்சியத்தைப் பிடித்துவிடலாம் என்று நம்பியிருந்தார்கள். தோற்றதும் பஞ்சம். ஆளுநர் சூட்டோனியஸ் பாலினஸ் ஊர் ஊராகப் பழிவாங்கிக்கொண்டிருந்தார். காட்டஸின் இடத்துக்கு வந்த புதிய நிதி அதிகாரி கிளாசிசியானஸ், இவரை மாற்றினால் ஒழியப் போர் ஓயாது என்று ரோமுக்கு எழுதினார். கடைசியில் ஆளுநர் மாற்றப்பட்டார். அடி வாங்கிய மக்களை இன்னும் கசக்கிப் பிழியாமல் காப்பாற்றிய கிளாசிசியானஸின் கல்லறைக் கல் லண்டனில், டவர் ஹில் பக்கம் துண்டு துண்டாகக் கிடைத்து, இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதை எழுப்பியவர் அவருடைய மனைவி ஜூலியா பக்காட்டா. அவர் கால் நாட்டுத் தலைவர் ஒருவரின் மகள்.

இன்னொன்று. கட்டுரையோடு போட்டிருந்த வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துச் சிலையின் படத்துக்குக் கீழே, "பூடிக்கா இப்படித்தான் போருக்குப் போனார்" என்று எழுதியிருந்தீர்கள். 1902-ல் நிறுவப்பட்ட அந்தச் சிலையின் தேர்ச்சக்கர அரிவாள்கள் சிற்பியின் கற்பனை. பிரிட்டனில் அப்படி அரிவாள் பூட்டிய தேர் இருந்ததற்கு அகழ்வாராய்ச்சியில் ஆதாரம் கிடைத்ததில்லை. அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிடுங்கள். கிளாசிசியானஸைப் பற்றியும் அந்த மரப்பலகைகளைப் பற்றியும் படங்களோடு ஒரு தனிக் கட்டுரை போட்டால் என்னைப் போன்ற வாசகர்கள் மிகவும் மகிழ்வோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
தஞ்சாவூர்