நிறுத்துக்கடிகாரமும் மதிப்பெண்ணும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. உடற்தகுதித் தேர்வில் மாணவர்கள் எடுத்த நேரத்தையும் தூரத்தையும் அப்படியே மதிப்பெண்ணாக மாற்றிப் பட்டியலில் ஏற்றச் சொல்கிறது பள்ளி நிர்வாகம், இதை ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். ஏற்க வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் நானும் பல ஆண்டுகள் விசிலும் நிறுத்துக்கடிகாரமுமாக அதையே செய்தவன் என்பதால், அந்தப் பதிலை எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டு நகர எனக்கு உரிமை இல்லை.

என் மனத்தை மாற்றியது ஒரு 600 மீட்டர் ஓட்டம். ஒரே வகுப்பில் 13 வயது மாணவர்கள் இருவர். ஒருவனுக்குக் குரல் உடைந்து, மீசை அரும்பி, தோள் அகன்றிருந்தது. மற்றவன் இன்னும் சிறுபிள்ளையாகவே இருந்தான். முதலாமவன் பயிற்சிக்கு வருவதே அபூர்வம், வந்தாலும் மரநிழலில்தான் இருப்பான். இரண்டாமவனோ அந்தக் கல்விப் பருவத்தில் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. ஓட்டம் முடிந்ததும் இருபதுக்கு 18 முதலாமவனுக்கும், 9 இரண்டாமவனுக்கும் போய்ச் சேர்ந்தன. சிறியவன் என்னிடம் வந்து, “நான் எதைச் சரியாகச் செய்யவில்லை, சார்?” என்று கேட்டான். அவன் செய்யாதது எதுவும் இல்லை, வளர வேண்டியதுதான் பாக்கி என்று அந்தச் சிறுவனிடம் எப்படிச் சொல்வது? பெண்பிள்ளைகள் சராசரியாக 12 வயதையொட்டியும் ஆண்பிள்ளைகள் 14 வயதையொட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள் என்பதையும், பிள்ளைக்குப் பிள்ளை அது ஓரிரு ஆண்டுகள் முன்பின்னாகும் என்பதையும் நாம் பயிற்சிக் கல்லூரியில் படித்துத் தேறியவர்கள்தாம். அந்தப் பாடம் தேர்வறையோடு நின்றுவிட்டது.

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் 1966 முதல் மாணவர்களுக்கு அதிபரின் பெயரால் உடற்தகுதி விருது வழங்கினார்கள். எல்லாச் சோதனைகளிலும் தம் வயதினருக்குரிய 85ஆம் சதமானத்தை, அதாவது நூறில் 85 பேரை மிஞ்சும் அளவை, எட்டியவர்களுக்கே அது கிடைத்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, அதை ஊக்கம் என்று அழைத்தார்கள். 2012-13 கல்வியாண்டுக்குப் பின் அது கைவிடப்பட்டது; அந்தச் சோதனையை மீண்டும் கொண்டுவர 2025இல் ஆணை பிறப்பித்திருக்கிறார்கள், ஆகவே வாதம் இன்னும் ஓயவில்லை. இடைப்பட்ட காலத்தில் அதன் இடத்துக்கு வந்த ஃபிட்னெஸ்கிராம் என்ற முறை, ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடாமல், உடல்நலத்துக்குத் தேவையான அளவை அவன் தொட்டிருக்கிறானா என்று மட்டும் பார்க்கிறது. அதை உருவாக்கியவர்களே, இந்த முடிவுகளைக் கொண்டு மாணவர்களுக்கு மதிப்பெண் போடாதீர்கள் என்று அறிவுறுத்துகிறார்கள். உன் நிர்வாகத்திடம் பேசும்போது இந்த ஒரு செய்தி உனக்குக் கைகொடுக்கும்.

அப்படியானால் முன்னேற்றத்துக்கு மதிப்பெண் தரலாமே என்று நீ கேட்பாய். நானும் இரண்டு ஆண்டுகள் அதைச் செய்து பார்த்தேன். 20 மீட்டர் ஷட்டில் ஓட்டத்தை, அதாவது இரு கோடுகளுக்கிடையே நிலைக்கு நிலை வேகத்தைக் கூட்டி முன்னும் பின்னும் ஓடுவதை, பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்து, வித்தியாசத்துக்கு மதிப்பெண் கொடுத்தேன். முதல் ஆண்டு எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். இரண்டாம் ஆண்டு பிள்ளைகள் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். அந்த ஓட்டம் மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்குவதால் ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு ஏறத்தாழ எட்டரை வினாடி கிடைக்கும். நன்றாக ஓடக்கூடியவர்களுக்கு அது உலாவுவது போலத்தான். ஆனாலும் கைப்பந்து அணியில் விளையாடும் ஒருத்தி மூன்றாம் நிலையிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு விலகினாள். அவள் முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை. பருவ முடிவில் எட்டாம் நிலையைக் கடந்து முழு மதிப்பெண் வாங்கிச் சென்றாள்! ஏற்கெனவே உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்த நேர்மையான ஒரு மாணவனுக்கோ முன்னேற இடமே இல்லாததால் பாதி மதிப்பெண்தான் கிடைத்தது.

இப்போது நான் பார்ப்பது வேறு: நான் கற்றுக்கொடுத்ததை அவர்கள் கற்றுக்கொண்டார்களா என்பது. பந்து எறிதலை எடுத்துக்கொள். எவ்வளவு தூரம் போனது என்று நான் நாடா பிடிப்பதில்லை. எறியும் கை கீழ்நோக்கி இறங்கிப் பின்னால் சுழல்கிறதா, எறியாத தோள் இலக்கை நோக்கித் திரும்புகிறதா, எதிர்க்காலை முன்வைத்து எடையை அதன் மீது மாற்றுகிறார்களா, பந்தை விட்ட பிறகு கை உடலின் குறுக்கே மறுபக்கம் வரை செல்கிறதா என்ற நான்கை மட்டும் பார்க்கிறேன். போன மாதம் ஒரு சிறுமி வலக்கையால் எறிந்தபோது வலக்காலையே முன்வைத்துக்கொண்டிருந்தாள். பந்து பத்தடியில் சோர்ந்து விழுந்தது. தரையில் சுண்ணாம்பால் ஒரு பாதம் வரைந்து, இடக்காலை அங்கே வை என்று மட்டும் சொன்னேன். நான்கைந்து முறை தடுமாறினாள். அடுத்த எறிதலில் இடுப்பு தானாகத் திரும்பியது, பந்து என் தலைக்கு மேலே போனது. அவள் எறிந்த தூரம் அப்போதும் வகுப்பில் நடுத்தரம்தான். ஆனால் என் குறிப்பேட்டில் அவள் பெயருக்கு நேரே நான்கு கோடுகளும் விழுந்தன, அவை அவள் கற்றதற்கான கோடுகள்.

விளையாட்டுகளில் இது இன்னும் சுவையானது. கோல் போட்டவனை எல்லோரும் பார்க்கிறார்கள். பந்து கையில் இல்லாதபோது வெற்றிடம் தேடி ஓடி, தன்னைக் காட்டி நின்றவனை யாரும் பார்ப்பதில்லை. நான் அவனைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். ஐந்து நிமிட ஆட்டத்தில் ஒருவன் எடுத்த முடிவுகளில் எத்தனை பொருத்தமானவை, எத்தனை முறை துணைக்குப் போனான் என்று எண்ணுகிறேன். அந்த வேலையைச் சில நாட்களில் வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுகிறேன். எண்ணி முடித்துக் களம் இறங்குபவர்கள் முன்பைவிடப் புத்திசாலித்தனமாக ஆடுகிறார்கள்.

நாற்பது பேரை நாற்பது நிமிடத்தில் எப்படி இப்படிப் பார்ப்பது என்பது நியாயமான கேள்வி. ஒரு வகுப்பில் ஆறு பேர், அவ்வளவுதான். அவர்கள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. ஏழு வகுப்புகளில் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். சீருடைக்கும் வருகைக்கும் நான் மதிப்பெண் தருவதில்லை. அது ஒழுங்குப் பதிவேட்டுக்கு உரியது, கற்றலைப் பற்றி எதுவும் சொல்லாது.

நிறுத்துக்கடிகாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. உடற்தகுதிச் சோதனைகளை இப்போதும் நடத்துகிறேன். முடிவை ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையில் தானே எழுதிக்கொள்கிறது, நான் உரக்க வாசிப்பதில்லை. அடுத்த ஆறு வாரத்துக்கு என்ன செய்யப் போகிறாய் என்று அதன் கீழே ஒரு வரி எழுதச் சொல்கிறேன். அந்த ஒரு வரி எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்பதற்கு மட்டும் மதிப்பெண் உண்டு. ஆஸ்துமா உள்ள பிள்ளையும் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் அந்த வரியை மற்றவர்களைப் போலவே எழுத முடிகிறது.

உனக்குத் தரப்போகும் படிவத்தின் நகலை அனுப்பிவை. அதில் குறிப்புகளுக்கென ஒரு கட்டம் இருந்தால்கூடப் போதும், மீதியை நாம் பார்த்துக்கொள்ளலாம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. சென்ற முறை மாடிப்படி ஏற முடிகிறது என்றாய், இறங்குவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அன்புடன்,
உன் பழைய ஓட்டத் தோழன்